வைத்தியரின் கைகளுக்கும் கல்வி வேண்டும்

திருகோணமலை மாவட்டத்தின் உழைப்பில் பெரும்பங்கைச் சுமப்பது நாரி. நிலாவெளி, இறக்கக்கண்டி, மூதூர்க் கரைகளில் கரைவலை இழுப்பவர்கள் உடம்பைப் பின்னே சாய்த்து, மணலில் காலை ஊன்றி, மணிக்கணக்காகக் கயிற்றை இழுக்கிறார்கள். கொட்டியாரக் குடாவில் ஃபைபர் படகோட்டும் மீனவரின் முள்ளந்தண்டில் ஒவ்வொரு அலையும் ஓர் அடியாக இறங்குகிறது. சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இருக்கின்றன. ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றி இறக்கும் வேலை அந்தப் பகுதிக்குப் புதிதல்ல. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் குனிந்து நாற்று நடுகிறார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து திரும்பிய பெண்கள், உழைத்த பணத்தோடு தீராத இடுப்பு நோவையும் கொண்டு வந்திருக்கிறார்கள். போரில் காலை இழந்து பொய்க்காலோடு நடப்பவர்களுக்கு, நடை ஒரு பக்கம் சாய்வதால் நாரியும் மற்றக் காலின் முழங்காலும் வருகின்ற நோவைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இவர்கள் எல்லோரும் ஒருநாள் வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் வந்து நிற்கிறார்கள். "நாரி நோகுது டொக்டர், குனிய ஏலாது." வைத்தியருக்கு இருப்பது சில நிமிடங்கள். ஒரு நோவு மாத்திரை, அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க இன்னொரு மாத்திரை, பூசுவதற்கு ஒரு களிம்பு. கிழமை கழித்து அதே ஆள் அதே வரிசையில் நிற்பார். அல்லது சுளுக்கெடுக்கும் ஒருவரைத் தேடிப் போயிருப்பார்.

இந்த நிலைக்கு அந்த வைத்தியரைக் குறைசொல்வது நியாயமாகாது. ஈரலையும் மண்ணீரலையும் தொட்டு அறிய அவருக்குக் கற்பித்தார்கள். இதயத்தின் ஒலியைக் கேட்கக் கற்பித்தார்கள். மூட்டையும் முள்ளந்தண்டையும் பரிசோதிக்கும் அடிப்படை முறையையும் சொல்லிக் கொடுத்தார்கள். இறுகிய தசையைக் கையால் எப்படித் தளர்த்துவது, அசைய மறுக்கும் மூட்டை எப்படி அசைய வைப்பது, எந்த நாரியைத் தொடவே கூடாது என்ற செய்முறைக் கல்வி மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கல்வியை எம்.பி.பி.எஸ். வைத்தியர்களுக்கு முறைப்படி கொடுக்க வேண்டும். அதைத் தொடங்குவதற்கு இலங்கையிலேயே பொருத்தமான இடம் திருகோணமலை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

மாத்திரையின் விலை

நாரி நோவைச் சின்ன வருத்தம் என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2020ஆம் ஆண்டில் 61 கோடியே 90 இலட்சம் பேர் நாரி நோவோடு வாழ்ந்தார்கள். அதாவது பதின்மூன்று பேரில் ஒருவர். 2050இல் இந்தத் தொகை 84 கோடியைத் தாண்டும் என மதிப்பிட்டிருக்கிறார்கள். உலகில் மனிதரை இயலாமையில் தள்ளும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். நாட்கூலிக்கு உழைப்பவருக்கு இயலாமை என்றால் அன்று அடுப்பு எரியாது என்று அர்த்தம்.

இதே நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கென முதல்தடவையாக ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நோயாளருக்கு விளக்கம் கொடுத்தல், உடற்பயிற்சி, முள்ளந்தண்டுக் கைமுறைச் சிகிச்சை, உருவுதல், மனநலச் சிகிச்சை முறைகள், அழற்சி தணிக்கும் நோவு மருந்துகள் ஆகியவற்றை அது கொடுக்கலாம் என்கிறது. இடுப்புப் பட்டி, எடைகட்டி இழுத்தல், அபின் வகை நோவு மருந்துகள் ஆகியவற்றை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இலேயே தன் வைத்தியர்களிடம், நாரி நோவுக்கு மருந்தில்லாச் சிகிச்சையிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டது. சூட்டு ஒத்தடம், உருவுதல், முள்ளந்தண்டுக் கைமுறை, உடற்பயிற்சி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

திருகோணமலை மாவட்டத்துக்கு இதில் தனியான அக்கறை இருக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் வயிற்றை மட்டும் பதம்பார்ப்பதில்லை. நீண்டகாலம் எடுத்தால் சிறுநீரகத்தையும் பழுதாக்கக்கூடியவை. வெயிலில் வியர்த்து, உடம்பில் நீர் வற்றிய நிலையில் எடுத்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. காரணம் முழுதாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாண விவசாயக் கிராமங்களைப் பல வருடங்களாக வாட்டுகிறது. அந்த நோய் பரவியிருக்கும் எல்லைக்குள் நம் மாவட்டத்தின் பதவிசிறிபுரப் பக்கமும் அடங்குகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருக்கக்கூடிய ஒரு விவசாயியின் நாரி நோவுக்கு மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வைத்தியம். வேறு வழி தெரிந்த வைத்தியர் அங்கே இருக்க வேண்டும்.

மிசூரியில் தொடங்கிய பாதை

கைமுறைச் சிகிச்சையை நவீன வைத்தியத்தின் உள்ளேயே வைத்துக் கற்பிக்கும் ஏற்பாடு உலகில் ஒன்று உண்டு. அதன் பெயர் ஒஸ்டியோபதி. அதைத் தொடங்கிய அண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1828இல் பிறந்த அமெரிக்க வைத்தியர். உள்நாட்டுப் போரில் பணிசெய்தவர். 1864இல் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். பாதரசமும் பேதி மருந்தும் மிதமின்றிக் கொடுக்கப்பட்ட அந்தக் காலத்து வைத்தியத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை அற்றுப்போனது. உடம்பின் கட்டமைப்பும் செயற்பாடும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை, கட்டமைப்பில் உள்ள தடையைக் கையால் நீக்கினால் உடம்பு தன்னைத் தானே சீராக்கும் என்ற கருத்தை 1874இல் முன்வைத்தார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் நகரில் பள்ளி தொடங்கினார். அதன் முதல் வகுப்பிலேயே பெண்களும் சேர்ந்து படித்தார்கள்.

ஸ்டில் சொன்னதெல்லாம் சரியாகிவிடவில்லை. எல்லா நோய்க்கும் வேர் எலும்பின் நிலைப்பிறழ்வில் இருக்கிறது என்ற அவருடைய பெரிய கூற்றை மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. 1910இல் அமெரிக்க மருத்துவக் கல்வியை ஆராய்ந்த ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், ஒஸ்டியோபதிப் பள்ளிகளின் தரத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அந்தத் துறை பிழைத்தது, கண்டனத்துக்குப் பிறகு தன்னைத் திருத்திக்கொண்டதால்தான். ஆய்வுகூடம், மருந்தியல், தடுப்பூசி, அறுவைச் சிகிச்சை எல்லாவற்றையும் பாடத்திட்டத்துக்குள் எடுத்துக்கொண்டது. கையின் பயிற்சியைக் கைவிடாமலும் வைத்துக்கொண்டது. இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஒஸ்டியோபதிக் கல்லூரியில் படிக்கிறார். மற்ற வைத்தியருக்குள்ள எல்லா உரிமையும் பட்டம் பெற்றபின் இவர்களுக்கும் உண்டு. மற்றப் பாடங்களோடு கைமுறைச் சிகிச்சையில் மட்டும் சுமார் 200 மணிநேரப் பயிற்சி பெறுகிறார்கள். 2020க்குள் இரு தரப்பாரின் பட்டப்பின் பயிற்சியும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டது. சாதாரண மருத்துவப் பட்டம் பெற்றவரும் இப்போது கைமுறையின் அடிப்படையைக் கற்றுக்கொண்டு, அதற்கெனச் சிறப்பு அங்கீகாரம் பெற்ற பயிற்சியில் சேரலாம்.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கே ஒஸ்டியோபதி தனித் தொழில். 1993இல் பாராளுமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்றியது. பதிவில்லாதவர் அந்தப் பெயரைச் சொல்லித் தொழில் செய்ய முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் இந்தப் பயிற்சிக்கு அளவுகோல் வெளியிட்டது. புதிதாக வருபவருக்கு 4,200 மணிநேரம். ஏற்கெனவே மருத்துவப் பயிற்சி உள்ளவருக்கு ஆயிரம் மணிநேரம். முழுமையான ஒஸ்டியோபதி வைத்தியராவதற்கான அளவு அது. வெளிநோயாளர் பிரிவு வைத்தியர் ஒருவருக்கு அடிப்படையைக் கொடுக்க அவ்வளவு தேவையில்லை. வாரஇறுதிப் பட்டறை ஒன்றோடு எவரும் கைதேர்ந்துவிட மாட்டார் என்பதையும் அந்த எண்கள் சொல்லிவைக்கின்றன.

அடிப்படை என்றால் என்ன?

முதலில் தொட்டு அறிதல். தோல், அதன் கீழ்க் கொழுப்பு, தசையுறை, தசை, எலும்பு என்று ஒவ்வோர் அடுக்கையும் விரல் தனித்தனியாக உணரப் பழக வேண்டும். நோயாளரின் இடுப்பெலும்பின் இரு பக்க மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, தோட்பட்டையின் கீழ்முனை இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கப் பழக வேண்டும். ஒஸ்டியோபதி வகுப்பில் நான்கு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தசையின் தன்மை மாறியிருக்கிறதா? இரு பக்கமும் ஒத்திருக்கிறதா? அசைவு எங்கே தடைப்படுகிறது? அழுத்தினால் எங்கே நோகிறது? இந்த நான்குக்கும் விடை எழுதப் பழகிய வைத்தியர், "நாரி நோவு" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டார்.

அடுத்தது சிகிச்சை. மென்மையான முறைகளே தொடக்கத்தில் கற்பிக்கத்தக்கவை. ஒன்றில், இறுகிய தசையை அதன் எல்லை வரை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வைத்தியரின் கைக்கு எதிராக மெல்லத் தள்ளும்படி நோயாளரிடம் சொல்கிறார்கள். மூன்றிலிருந்து ஐந்து விநாடி தள்ளியபின் தளர்த்தச் சொல்கிறார்கள். தளர்ந்த கணத்தில் தசை இன்னும் சற்று நீள இடம்கொடுக்கும். இப்படி மூன்று, நான்கு தடவை செய்தால் அசைவு கூடுவதை நோயாளரே உணர்வார். வலுவை நோயாளரே கொடுப்பதால் காயப்படுத்தும் வாய்ப்புக் குறைவு. இன்னொன்று லோரன்ஸ் ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஒஸ்டியோபதி வைத்தியர் 1950களில் கண்டது. அழுத்தினால் மிக நோகும் புள்ளியைக் கண்டுபிடித்து, அந்த நோவு பெருமளவு அடங்கும் நிலைக்கு உடம்பை மடித்து வைத்து, தொண்ணூறு விநாடி அசையாமல் தாங்கிப் பிடித்து, பிறகு மிக மெதுவாக விடுவிப்பார்கள். இந்த இரண்டுக்கும் மேசையும் பொறுமையும் இருந்தால் போதும். கோமரங்கடவலைக் கிராமிய வைத்தியசாலையிலும் செய்யலாம்.

மூட்டைச் சட்டென்று தட்டி "டக்" என்று ஓசை வரவைக்கும் முறையும் உண்டு. மக்கள் அதிகம் மயங்குவது இதில்தான். அந்த ஓசை மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதோடு தொடர்புடையது. விலகிய எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் கிடையாது. "எலும்பு விலகிவிட்டது, நான் பூட்டிவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் தன் முள்ளந்தண்டு எந்நேரமும் கழன்றுவிடும் என்ற பயத்தோடு வீட்டுக்குப் போகிறார். அந்தப் பயத்தில் அசையாமல் படுத்துக்கொள்கிறார். படுக்கையே நோவை நாட்படச் செய்கிறது. நல்ல கைமுறை வைத்தியர் முதலில் கற்க வேண்டியவற்றில் பயமுறுத்தாமல் பேசுவதும் ஒன்று. கைச்சிகிச்சை நோயாளரை எழுந்து நடக்க வைப்பதற்கான வழி. நடையும் பயிற்சியுமே தொடர்ந்து காக்கும் மருந்து.

ஆதாரம் எவ்வளவு?

இந்தச் சிகிச்சையை ஆதரிப்பவர்கள் ஆதாரத்தை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர்கள். 1999இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு 178 நோயாளரைச் சேர்த்துக்கொண்டது. வழமையான சிகிச்சையோடு ஒஸ்டியோபதிக் கைமுறையை ஒப்பிட்டது. இரு தரப்பாரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். கைமுறை பெற்றவர்களுக்குத் தேவைப்பட்ட மருந்து குறைவு. 2021இல் பிரான்சில் நடந்த பெரிய ஆய்வில், உண்மையான கைமுறைக்கும் போலியாகத் தொட்டுவிடுவதற்கும் இடையே கிடைத்த வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தது. நோயாளரின் வாழ்க்கையில் பொருட்படுத்தும் அளவுக்கு அது இல்லை என்றே அந்த ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். மண்டையோட்டைத் தொட்டுச் செய்யும் ஒஸ்டியோபதி வகைக்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. நீரிழிவு, ஆஸ்துமா, மலட்டுத்தன்மை எல்லாம் இதனால் தீரும் என்று எவராவது விளம்பரம் செய்தால், அது வியாபாரம்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் நியாயமான முடிவு இது: கைமுறை அற்புதம் எதையும் செய்யாது. நாரி, கழுத்து, தோள் நோவுகளில் மிதமான பயன் தரும். மருந்தின் தேவையைக் குறைக்க உதவலாம். தகுந்தவரைத் தேர்ந்து தகுந்தவாறு செய்தால் ஆபத்தும் குறைவு. மாத்திரையும் இந்த நோவில் மிதமான பயனையே தருகிறது, கூடவே வயிற்றையும் சிறுநீரகத்தையும் விலையாகக் கேட்கிறது. அப்படியிருக்க, ஒன்றை மட்டும் கற்பித்து மற்றதைக் கற்பிக்காமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

கோணேசபுரியின் கை

திருகோணமலையை ஏன் சொல்கிறேன் என்றால், கையால் வைத்தியம் செய்யும் கல்வி இங்கே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் அமைந்திருக்கிறது. அங்கே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகள் முப்பத்திரண்டு. அவற்றுள் ஒன்றான தொக்கணத்தை, அதாவது உருவுதலை, ஒன்பது கைவினையாகப் பிரித்திருக்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். சித்த மரபின் இன்னொரு பிரிவான வர்மம் உடம்பில் நூற்றெட்டுப் புள்ளிகளைக் கணக்கிட்டு, அடிபட்டால் ஆபத்தானவை எவை என்றும் எச்சரிக்கிறது. எங்கே தொடக்கூடாது என்பதையும் பாடமாக வைத்த மரபு இது. இந்த மாணவர்கள் எண்ணெயோடு மனித உடம்பைத் தொட்டுப் பழகியவர்கள். எம்.பி.பி.எஸ். மாணவருக்குக் கிடைக்காத மணிநேரங்கள் அவர்களுடைய விரல்களில் இருக்கின்றன.

பட்டப்படிப்புக்கு வெளியேயும் இந்தக் கைத்திறன் வாழ்கிறது. முறிவு நெரிவுப் பரியாரிமார் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற வேறுபாடின்றி எல்லோர் வீட்டுக் காலையும் கட்டியிருக்கிறார்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து, பரம்பரை வைத்தியர்களும் பதிவுபெற வழிசெய்தது.

சித்தத்தின் தொக்கணமும் ஒஸ்டியோபதியும் ஒன்றுதான் என்று சொல்லிவிடக் கூடாது. ஒன்று வாதம், பித்தம், கபம் என்ற கணக்கில் நோயைப் படிக்கிறது. மற்றது தசை, மூட்டு, நரம்பு என்ற உடற்கூற்றில் படிக்கிறது. பழமை ஒன்றுக்குச் சான்றாகாது. அமெரிக்கப் பட்டம் மற்றதற்குச் சான்றாகாது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்: நோயாளர் தேறினாரா, எவ்வளவு நாளில், எந்தச் சேதமும் இல்லாமலா? இந்தக் கேள்வியை இரு தரப்பும் சேர்ந்து கேட்கத் தொடங்கினால், உலகத்துக்குச் சொல்லத்தக்க ஆய்வு ஒன்று திருகோணமலையிலிருந்தே வரும். தொக்கணத்தை முறையான ஒப்பீட்டாய்வில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. கற்றவர்களும் இங்கே இருக்கிறார்கள், நோவுடையவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

தொடக்கூடாத நாரி

வைத்தியர்களே இதைக் கற்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு வலுவான காரணம் பாதுகாப்பு. நாரி நோவு என்று வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆபத்தான நோய் இராது. மிகச் சிலருக்கு இருக்கும். அந்தச் சிலரைப் பிரித்தெடுக்கத் தெரியாத கை, எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், ஆபத்தான கை.

சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், தொடைகளுக்கு இடையே உணர்வு மரத்துப்போனால், கால் திடீரெனச் சோர்ந்தால், அது அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நிலை. காய்ச்சலும் இரவு நோவும் உடம்பு மெலிவும் சேர்ந்தால், முள்ளந்தண்டில் காசநோயோ புற்றுநோயோ இருக்கலாம். பனையில் அல்லது தென்னையில் இருந்து விழுந்தவருக்கும், எலும்பு தேய்ந்த முதியவருக்கும், நீண்டகாலம் ஸ்டீரொயிட் மாத்திரை எடுத்தவருக்கும் எலும்பு முறிந்திருக்கலாம். முடக்குவாதம் உள்ளவரின் மேல்கழுத்து மூட்டுத் தளர்ந்திருக்கலாம். அந்தக் கழுத்தைத் திருப்பித் தட்டினால் உயிருக்கே ஆபத்து. கழுத்தைச் சட்டென்று முறுக்கும் சிகிச்சையால் மூளைக்குப் போகும் நாடி கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதானவை என்றாலும் ஈடுசெய்ய முடியாதவை. அடிப்படைப் பயிற்சியில் கழுத்தைத் தட்டும் முறைக்கு இடமே இருக்கக் கூடாது.

துறைமுக மாவட்டத்துக்கென்று இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி ஆழத்தில் மூழ்குபவர்கள் இந்தக் கரையோரத்தில் பலர். கரைக்கு வந்தபின் அவர்களுடைய தோள்மூட்டிலோ முழங்காலிலோ கடும் நோவு எடுத்தால், கால் சோர்ந்தால், அது இரத்தத்தில் நைதரசன் குமிழி கட்டியதால் வந்ததாக இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணிநேரமும் அவருடைய முள்ளந்தண்டு நாணைப் பலி கேட்கும். உடனே ஒட்சிசன் வேண்டும். அழுத்த அறைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். மற்றது மாரடைப்பு. நெஞ்சுக்கு நடுவே இறுக்கம், இடது தோளில் நோவு, வியர்வை என்று வந்தவரை "வாய்வுப் பிடிப்பு" என்று உருவிவிட்டு வீட்டுக்கு அனுப்பிய கதைகளை நம் ஊர்களில் எல்லோரும் கேட்டிருப்போம். கையைக் கழுவுவதற்கு முன்னால் ஈசீஜி எடுக்க வேண்டிய ஆள் யார் என்று தெரிந்திருப்பதே கைமுறை வைத்தியரின் முதல் தகுதி.

செய்யக்கூடியது

பெரிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ இதற்குத் தேவையில்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் தள வைத்தியசாலைகள் ஆகியவற்றிலிருந்து விருப்பமுள்ள வைத்தியர்களைத் தேர்ந்து முதல் அணியாக்கலாம். வாதநோய், புனர்வாழ்வு மருத்துவ நிபுணர் ஒருவர் பொறுப்பேற்கட்டும். இயன்மருத்துவர்களும் கோணேசபுரியின் சித்த மருத்துவ விரிவுரையாளர்களும் கற்பிக்கட்டும். மட்டக்களப்பில் உள்ள சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் இதே பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம். பாடத்திட்டமும் பரீட்சையும் அதன் மேற்பார்வையில் நடக்கட்டும்.

பயிற்சியின் வரிசை முக்கியம். முதல் பாடம் தொடக்கூடாதவர்களை அடையாளம் காணுதல். அதில் சித்தியடையாதவர் அடுத்ததுக்குப் போகக் கூடாது. இரண்டாவது, தொட்டு அறிதல். மூன்றாவது, தசை தளர்த்தும் மென்முறைகள். நான்காவது, விலா எலும்பையும் மூச்சையும் சீராக்குதல், வீட்டில் செய்யும் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தல். ஐந்தாவது, பதிவு வைத்தல்: வந்தபோது நோவு எவ்வளவு, என்ன வேலை செய்ய முடியவில்லை, ஆறு கிழமையில் எவ்வளவு தேறினார், எத்தனை மாத்திரை குறைந்தது, ஏதாவது சேதம் நேர்ந்ததா. பிறகு மாதக்கணக்கில் மேற்பார்வையோடு பழக வேண்டும். அமெரிக்காவிலேயே ஒஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர்களில் கணிசமானோர் பின்னாளில் கைமுறையை அரிதாகவே செய்கிறார்கள் என்று கருத்தாய்வுகள் காட்டுகின்றன. வகுப்பில் கற்ற கை, நாளாந்தம் பழகாவிட்டால் மறந்துவிடும்.

நம் சமூகத்தில் இதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இது தொடும் வைத்தியம். என்ன செய்யப் போகிறேன், எங்கே தொடுவேன் என்று முன்கூட்டியே சொல்லி, நோயாளர் சம்மதித்த பிறகே கை வைக்க வேண்டும். பெண் நோயாளருக்குப் பெண் வைத்தியர், அல்லது கூடவே பெண் தாதியோ உறவினரோ இருக்க வேண்டும். உடை களையாமலே செய்யக்கூடிய முறைகளை முதலில் கற்பிக்க வேண்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் பெண்கள் இந்தச் சிகிச்சையை நம்பி வர வேண்டுமானால், பெண் வைத்தியர்களும் பெண் சித்த மருத்துவர்களும் முதல் அணியிலேயே இருக்க வேண்டும்.

பயிற்சி நூல் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறும் அறுவையும் சொல்லும் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவர் ஆரம்பித்த அந்த வேலையைத் தொடர இந்தத் துறை நல்ல வாய்ப்பு. நாரியில் வருவது குத்தா, உழைவா, எரிவா, விறைப்பா என்று நோயாளர் தன் வாயால் சொல்வதைப் பிழையின்றி விளங்கிக்கொள்ள, தெற்கிலிருந்து இங்கே நியமனம் பெற்று வரும் வைத்தியருக்கும் அந்த நூல் உதவும்.

எதிர்ப்புகள்

மூன்று எதிர்ப்புகளை எதிர்பார்க்கிறேன். வைத்தியருக்கு நேரமில்லை என்பது முதலாவது. உண்மைதான். அதனால்தான் எல்லோருக்கும் கைச்சிகிச்சை செய்யும்படி கேட்கவில்லை. கிழமைக்கு ஒருநாள் பிற்பகலில் நோவுக்கென ஒரு கிளினிக் போதும். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து மீனவர் வேலையில்லாமல் இருக்கும் மாதங்களில் அதைக் கூடுதல் நாட்கள் நடத்தலாம். மாத்திரைக்காகத் திரும்பத் திரும்ப வருபவர் குறைந்தால் வரிசையும் குறையும்.

இது இயன்மருத்துவரின் வேலை, வைத்தியர் ஏன் தலையிட வேண்டும் என்பது இரண்டாவது. இயன்மருத்துவர்கள் இதில் வைத்தியர்களை விடத் தேர்ந்தவர்கள். அதனால்தான் அவர்கள் ஆசிரியர்களாக வேண்டும். ஆனால் தூரத்துக் கிராமிய வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் இயன்மருத்துவர் இருப்பதில்லை. யாரை எப்போது அவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்த வைத்தியரே அவருக்கும் நல்ல துணை.

மூன்றாவது, மேலை மருத்துவமும் சித்த மருத்துவமும் கலந்துவிடும் என்ற பயம். நாட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவும் தனித்தனிச் சபையும் இருக்கின்றன. எல்லை தாண்டிய வைத்தியம் குறித்த சச்சரவுகளும் நடந்திருக்கின்றன. ஒரே வகுப்பில் கற்பதால் எல்லை அழியாது. எவர் எதைச் செய்யலாம் என்பதைச் சட்டம் சொல்லட்டும். எவரிடமிருந்து எதைக் கற்கலாம் என்பதில் வேலி போட வேண்டாம். எதிரெதிரே நிற்கும் இரு தரப்புக்கும் ஒரே நோயாளர்தான் மாறி மாறி வருகிறார். காலையில் வைத்தியசாலை, மாலையில் பரியாரியார் என்று அலையும் அவர், ஒருவரிடம் போனதை மற்றவரிடம் சொல்லப் பயப்படுகிறார். அந்தப் பயமே பல ஆபத்துகளுக்குக் காரணம்.

மாகாண சுகாதாரத் திணைக்களமும் பல்கலைக்கழகமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முதல் அணியின் பயிற்சியை ஒரு வருடத்துக்குள் ஆரம்பிக்கலாம். இரண்டு வருடத்தில் அந்தப் பதிவேடுகளை எண்ணிப் பார்க்கலாம். பயன் இருந்தால் நாடு முழுவதற்கும் எடுத்துச் செல்லட்டும். இல்லாவிட்டால் இல்லை என்று பகிரங்கமாக எழுதட்டும். நோவோடு வரும் உழைப்பாளியைத் தொட்டுப் பார்த்து, ஆபத்தானதைப் பிரித்தறிந்து, தேவையற்ற மாத்திரையைத் தவிர்த்து, திரும்ப வேலைக்கு அனுப்பத் தெரிந்த வைத்தியர் இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் ஒருவராவது இருக்க வேண்டும். அதைக் கேட்பதற்கு, நாரியால் உழைத்து இந்தத் துறைமுகத்தையும் வயல்களையும் நடத்தும் மக்களுக்கு முழு உரிமை இருக்கிறது.